முத்தும் கிருமியும்: முத்துக்குளித்துறையில் நோய்ச் சொற்களின் வரலாறு

கொற்கையிலிருந்து தூத்துக்குடி வழியாக நீளும் நம் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். தமிழில் ‘முத்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கடலடிப் பாரில் சிப்பியின் உடலுள் விளைவது ஒன்று. அம்மை கண்ட குழந்தையின் மேனியில் எழும் கொப்புளம் மற்றொன்று. முன்னதை எடுக்க மூச்சடக்கி மூழ்கினர். பின்னது இறங்குவதற்கு வேப்பிலை கட்டி முத்துமாரியை வேண்டினர். செல்வத்தையும் சாவையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் சொல்வறுமையால் அவ்வாறு செய்தவர்கள் அல்லர். அஞ்சத்தக்கதை நற்சொல்லால் குறிப்பது தமிழ் மரபு. நம் இலக்கணம் அதனை மங்கலம் எனத் தகுதி வழக்கில் வைத்துப் பேசுகிறது.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நோய்க்கும் நுண்ணுயிருக்கும் என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். நோயின் பெயரும் சொல்தானே? அது வெறும் சொல்லன்று. நோய் எதனால் வந்தது என்று ஒரு காலத்து மக்கள் கருதினார்களோ, அந்தக் கருத்து அதற்குள் உறைந்து கிடக்கிறது. காரணம் இன்னது என்று பின்னர் வேறாகத் தெளிந்தாலும் பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பெயருக்கும் அறிவுக்கும் இடையே விழும் அந்த இடைவெளியில் உயிர்கள் போயிருக்கின்றன. இதனை நம் கரையின் வரலாற்றைக் கொண்டே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்முதல்

நோயை அறிவது வேறு, நோயின் முதலை அறிவது வேறு என்று பிரித்துக் காட்டியவர் வள்ளுவர். ‘நோய்முதல்’ என்னும் அவருடைய சொல்லுக்கு நிகரான ஒன்றைத் தேடி இன்றைய மருத்துவத் தமிழ் அலைய வேண்டியதில்லை. ஆனால் அம்முதல் எது என்பதில் காலந்தோறும் விடை மாறி வந்துள்ளது. சித்த மருத்துவம் நோய்கள் 4448 எனத் தொகை கூறி, வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் மிகையிலும் குறையிலும் முதலைக் கண்டது. அறநூல்கள் தீவினையில் கண்டன. ‘தொழுநோய்’ என்னும் சொல் நாலடியாரிலேயே உள்ளது. முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்றவனுக்கு விரல் அழுகும் நோய் வரும் என்பது அச்செய்யுள் தரும் விளக்கம். நண்டு பிடித்து வாழும் கடற்கரை மக்களுக்கு அது எத்தகைய தீர்ப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873 ஆம் ஆண்டில் தொழுநோய்க்குக் காரணமான கோலுருக் கிருமியைக் கண்டார். தீவினை என்னும் விளக்கம் அன்றே பொய்த்தது. ஆயினும் அந்நோயாளரை ஊருக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை.

பேதி என்னும் வசை

தென்மாவட்டங்களில் சினம் மிகுந்தால் “பேதியில போவான்” என்று வைவதைக் கேட்டிருப்போம். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ‘கோதாரி’ என்று வைவார்கள். இரண்டும் ஒரே நோயின் பெயர்கள். வாந்திபேதி என்றும் காலரா என்றும் நாம் வழங்கும் அந்நோய், ஒரு காலத்தில் இரு கரை மக்களுக்கும் பெருஞ்சாபமாக இருந்ததற்கு இவ்வசைகளே கல்வெட்டு.

போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் கோவாவில் அச்சிட்ட நூலில் இந்நோயை விரிவாக எழுதியுள்ளார். 1817 இல் வங்கத்தில் எழுந்த பெருங்கொள்ளை நோய் 1818, 1819 ஆண்டுகளில் தென்தமிழகத்தையும் இலங்கையையும் தாக்கியது. வணிகக் கப்பல், திருவிழாக் கூட்டம், படைநடை ஆகியவை சென்ற வழியெல்லாம் நோயும் சென்றது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரை மணலில் ஓலைக்குடிசைகளால் ஒரு நகரமே திடீரென எழும். எடுத்த சிப்பிகளைக் ‘கொட்டு’ எனப்படும் அடைப்புகளில் குவித்து, சதை அழுகிப் புழுத்த பின்னர்க் கழுவி முத்தெடுப்பது வழக்கம். அந்த முடைநாற்றமே நோய்க்குக் காரணம் என்று எண்ணுவது அக்காலத்தார்க்கு இயல்பாக இருந்தது. கெட்ட காற்றே நோய்முதல் என்று ஐரோப்பிய மருத்துவர்களும் அன்று நம்பினார்கள். உண்மையில் முதல் காற்றில் இல்லை. கூட்டம் குடித்த நீரில் இருந்தது.

இங்கு நாட்டு வழக்குக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். நம் மக்கள் ‘பேதி’ வேறு, ‘சீதபேதி’ வேறு என்று தெளிவாகப் பிரித்தார்கள். நீராகப் போவது ஒன்று. சளியும் இரத்தமும் கலந்து, வயிற்றைக் கடுத்துப் போவது மற்றொன்று. இன்றைய நோய்க்கூற்றியலும் இவ்விரண்டையும் பிரித்தே வைக்கிறது. சீதபேதியில் குடற்சுவர் புண்ணாகி அழற்சி அடைகிறது. காலராவில் குடற்சுவர் பெரும்பாலும் சிதைவதில்லை. கிருமி வெளியிடும் நச்சுப்பொருள் குடலின் உயிரணுக்களைத் தூண்டி, உடலின் நீரை வெளியே கொட்டச் செய்கிறது. அந்நச்சுப்பொருளை 1959 இல் மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. நுண்ணோக்கி இல்லாத தாய்மார்கள் கண்ணால் கண்டு பிரித்த பிரிவு, ஆய்வகத்திலும் பிழையின்றி நின்றது.

மானிப்பாய் தந்த நூல்கள்

தமிழ் அச்சு வரலாற்றில் நம் கரைக்கு முதலிடம் உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் பரதவ மக்களுக்காக ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் அச்சேறியது. புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையையும் அவர் ஏற்படுத்தினார். ஆயினும் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி கடலின் மறுகரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், மூன்று நூற்றாண்டுகள் கழித்தே தொடங்கியது.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலத்தில் கற்ற மருத்துவர் நகரங்களை நாடிப் போவதையும், சிற்றூர் மக்கள் மருத்துவமின்றித் தவிப்பதையும் கண்டு, 1860 களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. தமிழில் சொல் இருந்தால் அதனை எடுப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணக்குவது என்பது அவர் கைக்கொண்ட நெறி. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டவர்கள்.

கிறீன் 1873 இல் தாய்நாடு திரும்பி, 1884 இல் மறைந்தார். அதே 1884 இன் தொடக்கத்தில்தான் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்து வளர்த்துக் காட்டினார். இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1882 மார்ச் 24 அன்று, காசநோய்க் கிருமியையும் அவர் அறிவித்திருந்தார். எனவே கிறீனின் அரிய நூல்கள், கிருமிக் கொள்கை உலகில் நிலைபெறுவதற்குச் சற்று முன்னர் எழுந்தவை. உறுப்புகளுக்கும் புண்களுக்கும் கருவிகளுக்கும் அவர் தமிழ்ச்சொல் தந்தார். நுண்ணுயிர்களுக்குச் சொல் தர வேண்டிய காலம் வந்தபோது அவர் இல்லை. அவருக்குப்பின் யாழ்ப்பாணத்திலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே போயிற்று. சொல் மிகவும் தேவைப்பட்ட வேளையில் சொல்லாக்கம் நின்றுபோனது தமிழ் மருத்துவத்தின் பேரிழப்பு.

கிருமி பொருள் மாறிய கதை

அந்த இடைவெளியை மக்களே ஒரு பழஞ்சொல்லால் நிரப்பிக்கொண்டார்கள். அதுவே ‘கிருமி’. முன்னாளில் அது கண்ணுக்குத் தெரியும் புழுவையே குறித்தது. கழுத்துப் புண்ணில் புழு வைத்தவன் என்னும் பொருளில் ஒரு சோழ மன்னனை வைணவ மரபு ‘கிருமிகண்ட சோழன்’ என்று குறிப்பதை அறிவோம். அச்சொல் இப்பொழுது கண்ணுக்குத் தெரியாத உயிரைக் குறிக்க வந்தது. காலராக் கிருமியை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500 அடங்கும். வளைந்த அதன் உருவைக் கண்ட கோக், எழுத்திலிடும் காற்புள்ளிக்கு அதனை ஒப்பிட்டார்.

பழைய பொருளும் புதிய பொருளும் ஒருங்கே சந்தித்த இடம் நம் முத்துச்சிப்பி. மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது பழநம்பிக்கை. 1902 இல் இலங்கை அரசின் அழைப்பில் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆய்ந்த பேராசிரியர் எர்டுமன், சேம்சு ஆர்னல் ஆகிய இருவரும் வேறு விடை கூறினர். திருக்கை போன்ற மீன்களின் குடலில் வளரும் ஒருவகை நாடாப்புழுவின் இளவுயிர் சிப்பிக்குள் புகுகிறது. அதனைச் சுற்றியே முத்து வளர்கிறது என்பது அவர்கள் கருத்து. முத்து ஓர் அணியன்று, ஒரு நோயின் விளைவு என்றாயிற்று! பின்வந்த ஆய்வுகள் புழுவுக்கு அவ்வளவு பங்கு இல்லை என்றன. சிப்பியின் மேலுறையைச் சேர்ந்த உயிரணுக்கள் இடம்பெயர்ந்து உள்ளே பையாகச் சூழ்ந்து, அடுக்கடுக்காக முத்துப்பொருளைச் சுரக்கின்றன என்பதே இன்றைய முடிபு. அதனை அறிந்ததன் பயனாகவே, 1973 இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆய்வு நிலையத்தின் அழகர்சாமி, சிப்பிக்குள் கருமணியுடன் மேலுறைத் துண்டு ஒன்றையும் வைத்து, இந்தியாவில் முதன்முதலாகக் கடல்முத்தை வளர்த்தெடுத்தார்.

மழைத்துளி, புழு, உயிரணு என முத்தின் முதலுக்கு மூன்று விடைகள் வந்தன. நோயின் முதலுக்கும் ஊழ், கிருமி, உயிரணு என்று விடைகள் வந்த வரிசை இதனோடு பெரிதும் ஒத்தது. காசநோயில் நுரையீரல், தன்னுள் புகுந்த கிருமியைச் சுற்றி உயிரணுக்களால் வேலி கட்டிச் சிறுமணி போன்ற கட்டியாக்குகிறது. சிப்பியின் செயலோடு இதற்கு முழு ஒப்புமை இல்லை. எனினும், நோய் என்பது புகுந்த பகை மட்டுமன்று, அதற்கு உடல் தரும் மறுமொழியும் சேர்ந்ததே என்னும் நோய்க்கூற்றியலின் அடிப்படையை விளக்க, நம் கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

அம்மறுமொழியின் பெயர் ‘அழற்சி’. அழல் என்னும் தீயிலிருந்து பிறந்த சொல் அது. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கு குறிகளை உரோமானியரான செல்சசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்தார். இலத்தீன் சொல்லும் தீயையே அடியாகக் கொண்டது. ‘புற்றுநோய்’ வேறு வகை. கிரேக்கர் அந்நோயில் நண்டின் கால்களைக் கண்டனர். நாம் மண்ணில் அடங்காது எழும் கறையான் புற்றைக் கண்டோம். இத்தகைய சொற்கள் மொழிபெயர்ப்புகள் அல்ல. நம் கண் கண்டவை.

நீர் வந்த வழி

கிருமி நீரில் உள்ளது என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது என்ன? தூத்துக்குடியின் நிலத்தடி நீர் உவர்ப்பு மிக்கது. துறைமுகமும் நூற்பாலையும் மக்களைச் சேர்க்கச் சேர்க்க, நன்னீர் உயிர்ச்சிக்கலாயிற்று. நகராட்சித் தலைவராகப் பன்முறை இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொணரும் திட்டத்தை 1927 இல் நிறைவேற்றினார். அவர் மருத்துவர் அல்லர். ஆயினும் நீர்வழி நோய்களுக்கு எதிராக நம் நகரில் நிகழ்ந்த பெருஞ்செயல் அதுவே எனலாம்.

கிருமிக் கொள்கைக்கு இன்னொரு முகமும் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறை முகாமிலும், 1914 இல் பாம்பன் பாலம் திறந்தபின் மண்டபம் முகாமிலும் தடுத்து வைத்து ஆராயப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். நோயைத் தடுக்க எழுந்த அறிவு, ஏழையை ஐயுறும் கருவியாகவும் ஆனது. அவர்களுக்கு அவர்தம் மொழியில் எவ்வளவு விளக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

சொல் செய்தோர்

சொல்லின் தேவையை உணர்ந்தோர் இல்லாமல் இல்லை. எட்டயபுரத்துப் பாரதி, அறிவியலுக்குத் தமிழில் பரிபாஷை வேண்டும் என்று எழுதினார். 1916 இல் சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அதற்கென ஒரு சங்கம் கண்டனர். 1934 இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் அயராத உழைப்பால், ஏறத்தாழ 10,000 சொற்கள் அடங்கிய ‘கலைச்சொற்கள்’ நூலை 1938 இல் வெளியிட்டது. அப்பணிக்காக 1936 இல் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஈழத்துச் சுவாமி விபுலாநந்தர். தூத்துக்குடி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. 1986 இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அம்முயற்சி நம் மண்ணின் முயற்சியுமாகும். பிற்காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொற்களைப் பெரும் தொகுதிகளாக்கினார்.

இத்தனைக்குப் பின்னும் இரு கரைகளில் இரு வழக்குகள் நிலவுகின்றன. நாம் ‘திசு’ என்பதை ஈழத்தார் ‘இழையம்’ என்கிறார்கள். நாம் ‘செல்’ என்பதை அவர்கள் ‘கலம்’ என்கிறார்கள். இதனால் பெருங்கேடு இல்லை. கேடு வேறிடத்தில் உள்ளது: இரு பொருளுக்கு ஒரே சொல்லை வழங்குவதில்.

இன்றைய கேடு இரண்டு

முதலாவது ‘கிருமி’. கோலுருவும் கோளவுருவும் கொண்ட பாக்டீரியாவும் கிருமி. அதனினும் மிகச் சிறியதாய், பிற உயிரணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருக இயலாத வைரசும் கிருமி. பெனிசிலின் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்பிகள் முன்னதைத்தான் தாக்கும், பின்னதைத் தொடமாட்டா. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், சளிக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் “கிருமியைக் கொல்லும் மாத்திரை” என்று கேட்டு வாங்கிக் கொடுக்கிறோம். வைரசுக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. உடலில் தங்கியிருக்கும் பாக்டீரியாக்களோ அம்மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. நாளை மெய்யாகவே மருந்து தேவைப்படும் வேளையில் அது பயனற்றுப் போகிறது. வைரசை ‘நச்சுயிரி’ என்றும் ‘தீநுண்மி’ என்றும் அழைக்க முயன்றிருக்கிறார்கள். எந்தச் சொல்லை ஏற்பினும் ஏற்கலாம். இரண்டையும் பிரித்தறியச் செய்வதே இன்றியமையாதது.

இரண்டாவது ‘தொற்று’. நுண்ணுயிர் உடலுள் புகுந்து பெருகுவதும் தொற்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் தொற்று. துருப்பிடித்த தூண்டில் முள் குத்தி வரும் இரணசன்னி முதல் வகையைச் சேர்ந்தது. அருகில் இருப்பவருக்கு அது ஒட்டாது. தட்டம்மை இரண்டாம் வகையையும் சேர்ந்தது. பின்னதற்கு ‘ஒட்டுவாரொட்டி’ என்னும் அழகிய பழஞ்சொல் நம்மிடம் இருந்தது. அதனை நாம் கைவிட்டோம். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. முறையாகப் பொதிந்து ஆழக் குழியில் இட்ட உடலால் ஊருக்குத் தீங்கில்லை என்பதை அக்கூட்டத்துக்கு விளங்கும் தமிழில் முன்னரே சொல்லியிருந்தால் அந்த இழிவு நேர்ந்திராது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நல்ல சொல்லால் நன்மை விளையும் என்பதற்கும் சான்று உண்டு. 1971 இல் வங்க அகதி முகாமில் காலரா பரவியபோது, திலிப் மகாலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து எண்ணற்றோரைக் காத்தார். ‘உப்புச் சர்க்கரைக் கரைசல்’ என்று அது தமிழில் வழங்குகிறது. அதில் கடினச்சொல் இல்லை. பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. எழுத்தறியாத தாயும் ஒருமுறை கேட்டால் மறவாள்.

கலைச்சொல் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். வடசொல்லா, தென்சொல்லா, பிறமொழிச் சொல்லா என்னும் வழக்காடலைவிட, அச்சொல்லைக் கேட்டவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்வாரா என்பதே முதன்மையான வினா. 2000 இலிருந்து தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குப் பயிலும் இளைஞர்கள் ஆங்கிலத்தில் கற்கிறார்கள். அவர்களிடம் வரும் நோயாளர்கள் தமிழில் வலியைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இடையே நிற்கும் சொற்களைப் பழுது பார்ப்பது மருத்துவரின் பணி மட்டுமன்று. சொல்லைத் தொழிலாகக் கொண்ட இலக்கிய அன்பர்களின் பணியுமாகும். கடலோடும் வீடுகளில் இன்னும் வழங்கும் நோய்ப்பெயர்களை, அவற்றைச் சொல்லும் முதியோர் இருக்கும்போதே குறித்து வைப்பதிலிருந்து நம் வட்டம் அதனைத் தொடங்கலாம்.

பெரியம்மை 1977 இல் இந்தியாவிலிருந்தும் 1980 இல் உலகிலிருந்தும் அகன்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்நோயின் முத்து இனி எந்தக் குழந்தையின் மேனியிலும் எழாது. 1961 க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் நடைபெறவில்லை. இரண்டும் போனபின் சொல் மட்டும் நம்மிடம் நிற்கிறது.